கொக்கு லேபிளை வாசித்தவர்

பிறத்தியார் சங்கதி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே சோறு தண்ணி வேண்டாம். தெருவில் புதிதாக ஒரு குடும்பம் வந்து இறங்கினால், யார், எந்த ஊர், எதற்கு வந்தார்கள் என்று தெரிந்துகொள்ளும்வரை இருப்புக்கொள்ளாது. வீட்டில் இதற்காக நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கிற உத்தியோகம் சர்க்காரில் ஒன்று உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. போலீஸில் சேர்ந்து, ஏட்டாகி, ஐம்பதுகளின் கடைசியில் சாதா உடுப்புக்கு மாற்றப்பட்டு சிவகாசிக்கு வந்தேன். ஊரில் என்ன பேசுகிறார்கள், யார் கூட்டம் போடுகிறார்கள், வெளியூரிலிருந்து யார் வந்து போகிறார்கள் என்று கேட்டு மேலே எழுத வேண்டும். ரகசிய வேலை என்று பெயர்.

ரகசியம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பால் ஊற்ற வந்த அம்மாளே, "சி.ஐ.டி. ஏட்டையா வீடு இதுதானே?" என்று கேட்டுக்கொண்டுதான் படியேறினாள். சாயங்காலம் மைதானத்தில் கூட்டம் போட்டால், எந்தக் கட்சியானாலும் சரி, மேடைக்குக் கீழே எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கும். சர்க்காரைத் திட்டப் போகிற பேச்சாளர், குறிப்பெடுக்கிற நண்பருக்கு ஒரு சோடா கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் திட்டவே ஆரம்பிப்பார். நான் பின்தங்கிவிட்டேன் என்று பார்த்து, முக்கியமான வசவை நிறுத்தி நிதானமாக இன்னொரு தரம் சொன்னவர்களும் உண்டு. சோடாவைக் குடித்துவிட்டு, அவர்கள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதி அனுப்புவேன். இதில் யாருக்கும் யார்மேலும் கோபம் இருந்ததில்லை.

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர்கள் வெள்ளைக்காரன் காலத்தில் கதர்ச் சட்டைக்காரர்களின் பின்னால் அலைந்தவர்கள். விருதுநகர் ஸ்டேஷனில் எந்த வண்டியில் யார் இறங்கினார், யார் வீட்டில் கை நனைத்தார் என்று எழுதினார்கள். சுதந்திரம் வந்ததும் அந்தக் கதர்ச் சட்டைக்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். இவர்கள் அதே இடத்தில் நின்று சல்யூட் அடித்துவிட்டு, வேறு சட்டைக்காரர்களின் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள். இதில் எது நாட்டைக் காப்பது, எது நாற்காலியைக் காப்பது என்று எனக்குள் கேள்வி வராமல் இல்லை. கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

எங்கள் வேலையில் தெளிவாக இருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். தகவல் கொடுத்தவர் யார் என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது. மேலே இருப்பவர் கீழே இருப்பவனைக் கேட்கமாட்டார். கீழே இருப்பவனும் மேலே கேட்கமாட்டான். 'நம்பத்தகுந்த வட்டாரம்' என்று எழுதினால் போதும். அந்த வட்டாரம் டீக்கடைப் பெஞ்சாக இருக்கலாம், பங்காளிச் சண்டையாக இருக்கலாம், உண்மையிலேயே நம்பத்தகுந்த மனிதராகவும் இருக்கலாம். காகிதத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

எங்கள் தெருவில் ஓர் ஆர்ட்டிஸ்ட் குடியிருந்தார். அச்சாபீஸ் ஒன்றில் வெடிக் கட்டுகளுக்கு லேபிள் வரைகிறவர். எனக்கு அவரோடு பேச்சுப் பழக்கம் உண்டு. வேலையில்லாத நேரங்களில் போய் அவர் வரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போதெல்லாம் லேபிள் அச்சடிக்கக் கல்தான். வழவழப்பாகத் தேய்த்த கனமான கல்லில் மெழுகு மையால் படத்தை வரைந்து, தண்ணீர் தடவி, மையை உருட்டி, மேலே காகிதத்தை வைத்து அழுத்துவார்கள். கல்லில் இடது பக்கம் இருப்பது காகிதத்தில் வலது பக்கம் விழும். அதனால் எழுத்தையெல்லாம் கல்லில் திருப்பித்தான் எழுத வேண்டும். வங்காளி எழுத்து, குஜராத்தி எழுத்து, உருது, இங்கிலீஷ் எதுவானாலும் ஆர்ட்டிஸ்ட் கண்ணாடி பார்க்காமலே திருப்பி எழுதுவார். அவருக்கு வாசிக்கத் தெரிந்தது தமிழ் ஒன்றுதான்.

இது எப்படி முடிகிறது என்று நான் துருவித் துருவிக் கேட்டபோது அவர் ஒரு பதில் சொன்னார். "வாசிக்கத் தெரியாட்டாத்தான் ஏட்டையா எழுத்து சுத்தமா விழும். வாசிக்கத் தெரிஞ்சவன் அர்த்தத்தைப் பாப்பான். நான் கோட்டை மட்டுந்தான் பாக்கேன்." தொழிலில் அவ்வளவு கர்வம் அவருக்கு.

அவர் வரைந்த லேபிள்களில் ரொம்பப் பிரபலமானது கொக்கு லேபிள். சிவப்புக் காகிதத்தில் இரண்டு கொக்குகள் நின்றுகொண்டிருக்கும். இரு ஓரங்களிலும் மேலிருந்து கீழாகச் சீன எழுத்து வரிசையாக இறங்கும். அதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்தில் வெடி செய்ய ஆரம்பிப்பதற்கு முன்னால் வெடிகள் சீனாவிலிருந்து கப்பலில் வந்தன. அச்சாபீஸ் முதலாளியின் அப்பா விருதுநகரில் கடை வைத்து அந்த வெடியைத்தான் விற்றார். பிறகு சிவகாசியில் சொந்த வெடிக் கம்பெனி போட்டபோது, வடக்கே வாங்குகிற வியாபாரிகள் அந்தக் கொக்கைக் கண்டால்தான் சரக்கு எடுப்போம் என்றார்கள். அதனால் கொக்கையும் எழுத்தையும் அப்படியே பார்த்து வரைய வைத்தார்கள். முதலில் வரைந்தவர் யாரோ. அவருடைய லேபிளைப் பார்த்து நம் ஆர்ட்டிஸ்ட் வரைந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ராசியான லேபிள், கை வைக்கக்கூடாது என்றார் முதலாளி.

சீனாவோடு சண்டை வந்தபோது தீபாவளிச் சீசன். லோடு லோடாகச் சரக்கு வடக்கே போய்க்கொண்டிருந்தது. பூங்கா ரேடியோவின் அடியில் எப்போதும் கூட்டம். பெண்கள் யுத்த நிதிக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள், நான் பார்த்தேன். அதே வேகத்தில் ஊர் முழுக்க எனக்கு உதவியாட்களும் முளைத்தார்கள். விஸ்வநத்தத்துப் பக்கம் பொழுது சாயும் நேரத்தில் பச்சையும் சிவப்புமாக வெளிச்சம் காட்டுகிறார்கள் என்று ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். போய்ப் பார்த்தால் மத்தாப்புக்கு நிறம் சரியாக வருகிறதா என்று கம்பெனி ஆட்கள் கொளுத்திப் பார்க்கிறார்கள். பகல் வெயிலில் நிறம் தெரியாது, அதனால் எப்போதுமே அந்த நேரத்தில்தான் கொளுத்துவார்கள். ஓடிவந்தவரும் அதே கம்பெனியில் வேலை பார்த்தவர்தான். கண்மாய்க் கரையில் ஒரு பரதேசி படுத்திருக்கிறார், அவர் கரையை அளக்கிறார் என்று இன்னொருவர் சொன்னார். பரதேசிக்குக் காய்ச்சல். எழுந்து நிற்கவே தெம்பில்லை.

இதையெல்லாம் விசாரித்துச் சிரித்துக்கொண்டிருந்த நாட்களில் விருதுநகரிலிருந்து இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. நம்பத்தகுந்த வட்டாரத்திலிருந்து அவருக்கு நேரடியாகத் தகவல் வந்திருக்கிறது. சிவகாசியில் ஓர் ஆள் சீன எழுத்து எழுதி, அதை வெடிக் கட்டுகளில் ஒட்டி வடக்கே அனுப்புகிறான். மேஜைமேல் கொக்கு லேபிள் கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

ஆர்ட்டிஸ்ட் வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரித்தான் என்னோடு வந்தார். ஐந்து நிமிஷ விசாரணை என்று நானும் நினைத்தேன். இந்த எழுத்தை யார் எழுதியது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான்தான் என்றார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை, எனக்கு எல்லா எழுத்தும் வரும் என்றார். இன்ஸ்பெக்டர் லேபிளை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, வெள்ளைத் தாளையும் பேனாவையும் தள்ளினார். ஒரு சாதாரண மனிதன் அந்த இடத்தில், ஐயா, பார்த்துத்தான் வரைவேன், பார்க்காமல் வராது என்று சொல்லித் தப்பித்திருப்பான். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, மேலிருந்து கீழாக ஒரு கோடு பிசகாமல் இரண்டு வரிசையையும் எழுதி, மை உலர ஊதி, பெருமையாக நீட்டினார்.

சீனப் பாஷையை மனப்பாடமாக எழுதுகிற ஒருவனை, வெடிமருந்து செய்கிற ஊரில், சண்டை நடக்கிற நேரத்தில் எந்த இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு அனுப்புவார்? ஆர்ட்டிஸ்டை அங்கேயே உட்காரவைத்துவிட்டார்கள். பாதுகாப்புச் சட்டத்தில் உத்தரவு வந்துவிட்டால் கோர்ட் கிடையாது, வக்கீல் கிடையாது, எந்த ஜெயில், எத்தனை வருஷம் என்று கேட்க ஆள் கிடையாது. உத்தரவுக்கு எழுதியும் ஆகிவிட்டது. லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து, அது ஒன்றுமில்லாத விஷயம் என்றால் விட்டுவிடலாம் என்றார் இன்ஸ்பெக்டர். வாசிக்கிற ஆட்கள் டெல்லியில் இருப்பார்கள். சண்டை நேரத்தில் ஒரு வெடி லேபிளை அவர்கள் எப்போது எடுத்துப் பார்ப்பார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.

ஆர்ட்டிஸ்டின் மனைவி மறுநாள் விருதுநகர் போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிட்டாள். உள்ளே வரவும் மாட்டாள், போகவும் மாட்டாள். என்னைப் பார்த்தபோது, "நீங்க கூப்பிட்டீகன்னுதான ஏட்டையா அவுக வந்தாக" என்று மட்டும் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். முதலாளியோ பயந்துபோய் இருப்பில் இருந்த கொக்கு லேபிள் அத்தனையையும் கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டார். அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் இருந்த சீனப் பல் டாக்டர் என் ஞாபகத்துக்கு வந்தார். சுற்று வட்டாரத்தில் இருக்கிற சீனக்காரர்களைப் பற்றி எங்களுக்கெல்லாம் குறிப்பு வந்திருந்தது. ஊரை விட்டுப் போகக்கூடாது, வாரந்தோறும் ஸ்டேஷனில் வந்து நிற்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. இன்ஸ்பெக்டரிடம் சொல்லாமல், என் வீட்டு வெடிக் கட்டிலிருந்து உரித்த ஒரு கொக்கு லேபிளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆர்ட்டிஸ்டை மீட்கத்தான் போனேன். ஆனால் உண்மையைச் சொன்னால், இத்தனை வருஷமாக எங்கள் ஊர் அச்சடித்துக்கொண்டிருந்தது என்னதான் என்று தெரிந்துகொள்கிற துடிப்பும் அந்தப் பஸ்ஸில் என்னோடு உட்கார்ந்திருந்தது.

மாசி வீதியை ஒட்டிய சந்தில் ஒரு சின்ன அறை. வாசல் போர்டில் தமிழ் அப்படியே இருந்தது. பக்கத்தில் இருந்த சீன எழுத்தின்மேல் தார் பூசியிருந்தது. அவரே பூசியது என்று பிறகு சொன்னார். உள்ளே நோயாளி ஒருவரும் இல்லை. அவருக்கு என் வயதுதான் இருக்கும். அப்பாவோடு சின்னப் பிள்ளையாக மதுரைக்கு வந்து அங்கேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர். நான் யார் என்பதை ஒளிக்காமல் சொன்னேன். லேபிளை எடுத்தேன். அவர் கையில்கூட வாங்கவில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. நான் இங்கிட்டு வளர்ந்த ஆளு," என்றார்.

ஆர்ட்டிஸ்ட் மனப்பாடமாக எழுதிக் காட்டிய கதையைச் சொன்னேன். வாசலில் நிற்கிற மனைவியைச் சொன்னேன். புறப்பட எழுந்தேன். அப்போது அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பெரிய நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். கழுத்தில் துணியைக் கட்டினார். "வாயைத் திறந்து வச்சுக்கங்க. வெளிய ஆளு நிக்குது," என்றார்.

எதிர்ப் பீடிக் கடையில் ஒருவர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். காலில் இருந்த பூட்ஸ் ஒன்றே போதும். எங்கள் இலாகாதான். டாக்டரைப் பார்க்க யார் யார் வருகிறார்கள் என்று எழுதுகிறவர். நான் சிவகாசியில் செய்கிற அதே வேலையை அவர் இங்கே செய்துகொண்டிருந்தார். அவருடைய கண்ணுக்குத் தப்புவதற்காக, ஒரு சி.ஐ.டி. ஏட்டு, வாயைப் பிளந்துகொண்டு பல் டாக்டர் நாற்காலியில் படுத்துக் கிடந்தேன். பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

டாக்டர் லேபிளைத் தட்டில் வைத்துக் குனிந்து பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். இது எங்கள் எழுத்து மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது என்று முணுமுணுத்தார். பிறகு என் வாய்க்குள் விடுகிற, நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியை எடுத்து லேபிளுக்குப் பக்கத்தில் பிடித்தார். கண்ணாடியை மேலிருந்து கீழாக எழுத்து எழுத்தாக நகர்த்திக்கொண்டே வந்தவர், பாதியில் சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் வெளியே போகாமல் தோள் மட்டும் குலுங்கியது.

"எழுத்து திரும்பி நிக்குதுங்க. யாரோ அசலைப் பாத்து அப்படியே கல்லுல வரைஞ்சிட்டாங்க போல," என்றார். முதன்முதலில் வரைந்த அந்த முகம் தெரியாத ஆள் கல்லில் திருப்பி எழுத மறந்துவிட்டார். கொக்கு இடது பக்கம் பார்த்தால் என்ன, வலது பக்கம் பார்த்தால் என்ன. எழுத்தோ எப்படி இருந்தாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. நம் ஆர்ட்டிஸ்ட் அந்தத் தப்பை ஒரு புள்ளி பிசகாமல் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் வாயை மூட முடியாததால் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாலேயே கேட்டேன். டாக்டர் மெதுவாக வாசித்தார். "மேல கடைப் பேரு, தெருப் பேரு. அப்பறம், 'எங்க சரக்கைப் பாத்துப் போலிச் சரக்கு போடுற ஆளுக பெருத்துப் போயிட்டாங்க. வாங்குறவங்க ரெண்டு கொக்கையும் நல்லாப் பாத்து வாங்கவும்.' அம்புட்டுத்தாங்க."

போலியைக் கண்டு ஏமாறாதே என்கிற அறிவிப்பைப் பார்த்துப் பார்த்து, இத்தனை வருஷமாகப் போலியில் அச்சடித்திருக்கிறோம். எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. இரண்டு பேருமாகச் சத்தமில்லாமல் சிரித்தோம். வெளியே நின்றவருக்கு நான் வலியில் நெளிவது மாதிரித் தெரிந்திருக்க வேண்டும்.

சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மாறிவிட்டது. அசல் லேபிள் எங்கேயாவது கிடைத்தால் கொக்குகள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், அதைத் தேடுங்கள் என்றார். பிறகு, "நான் வாசிச்சேன்னு எழுதிராதீங்க. வெடிமருந்து ஊரு லேபிளைச் சீனாக்காரன் ஒருத்தன் வாசிச்சான்னு ஒரு வரி போதும். அடுத்த வாரம் இந்த நாற்காலிக்குப் பக்கத்துல நான் இருக்க மாட்டேன்," என்றார்.

எழுதமாட்டேன் என்றேன்.

"நீங்க நல்ல ஆளா இருக்கலாம். நீங்க எழுதுற காகிதம் உங்க கையிலயேவா இருக்கப் போகுது?"

எங்கள் காகிதம் எங்கே போகும், யார் கையில் எந்த வருஷத்தில் எதற்காகத் திரும்ப வரும் என்று எழுதியவனுக்கே தெரியாது. வாசிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் அந்த மனிதர். முகம் தெரியாத ஒருத்தனுக்காக அந்தக் கண்ணாடியை எடுத்தார். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கழுத்துத் துணியை அவிழ்க்கும்போது, "கீழ்வரிசையில ஒண்ணு சொத்தை விழுந்திருக்கு. பாத்துக்கங்க. ஆனா இங்க வராதீங்க," என்றார்.

அசலைத் தேடி முதலாளியிடம் போனேன். அப்படி ஒன்றுமே இல்லை என்று சாதித்தார். விடாமல் துளைத்ததில், விருதுநகரில் பூட்டிக் கிடக்கிற அவருடைய அப்பாவின் பழைய கடையைத் திறந்துவிட்டார். அங்கே ஒரு மர பீரோவின் கதவுக்கு உள்பக்கம், பூச்சி அரிக்காமல் இருக்க ஒட்டிய பழைய காகிதங்களுக்கு நடுவில் இரண்டு கொக்குகள் நின்றன. டாக்டர் சொன்னபடி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு.

கதவையே கழற்றித் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். தொப்பி சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டியிருந்த கண்ணாடியை எடுத்து, ஆர்ட்டிஸ்டின் லேபிளை அதில் காட்டி, பக்கத்தில் பழையதை வைத்தேன். கொக்கு கொக்கோடும் எழுத்து எழுத்தோடும் பொருந்தின. இன்ஸ்பெக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். செய்தி அனுப்புகிறவன் யாராவது பழைய லேபிளைத் திருப்பிப் போட்டு அனுப்புவானா என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். எழுத்தின் அர்த்தத்தையும் சொன்னேன். அவர் மீசைக்குள் லேசாகச் சிரிப்பு வந்தது. உடனே போய்விட்டது.

"யாருவே வாசிச்சது?" என்றார்.

"நம்பத்தகுந்த வட்டாரம்ங்கய்யா."

"என்கிட்டயே வட்டாரம்ங்கீரா? பேரைச் சொல்லும்."

சஸ்பெண்ட் ஆகிற விஷயம். வேறு யாரையாவது சொல்லித் தப்பிக்கலாம் என்றால் சீனம் வாசிக்கிற இன்னொரு ஆளுக்கு நான் எங்கே போவேன்? மதுரையில் பூட்ஸ் போட்டு நின்றவருடைய முகம் கண்முன் வந்தது. அவர் என்னை யாரென்று தெரிந்துகொண்டாரா என்பதும் எனக்குத் தெரியாது.

"ஆர்ட்டிஸ்டைப் பத்தித் தகவல் குடுத்தது யாருன்னு நான் ஐயாகிட்டக் கேக்கலை," என்றேன்.

அந்தச் சட்டத்தை உடைத்தால் இரண்டு பக்கமும் உடையும் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் பேனாவை எடுத்து, நம்பத்தகுந்த வட்டாரம் என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார். உத்தரவு வருவதற்கு முன்னால் அந்தக் காகிதம் போய்ச் சேர்ந்தது. ஆர்ட்டிஸ்ட் வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி என் வீட்டுக்கு ஒரு தூக்கு நிறையப் பாயசம் கொடுத்தனுப்பினாள். நான் கூப்பிட்டுத்தான் போனார் என்பதை அவள் மறந்துவிட்டாளா, மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை.

வந்த மனிதர் பழைய மனிதர் இல்லை. தமிழைத் தவிர வேறு எழுத்தைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். கொக்கு லேபிளில் அதன்பிறகு கொக்கு மட்டும்தான் நின்றது. யார் தன்னைக் காட்டிக் கொடுத்தது என்பது ஒன்றே அவருக்குப் பேச்சு. இன்னொரு அச்சாபீஸ்காரன் என்பார். கல் தேய்க்கிறவன் என்பார். சொந்த மச்சினன்மேல்கூடச் சந்தேகப்பட்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா, சொல்லுங்க என்பார். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை இல்லை என்று சொன்னால் என்னை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள். இன்ஸ்பெக்டர் நல்ல மனநிலையில் இருந்த ஒரு நாளில் கேட்டிருந்தால் சொல்லியுமிருப்பார். கேட்டால் அவரும் என்னைத் திருப்பிக் கேட்பார். டாக்டரை மறைத்த திரைதான் அந்தப் பொய் சொன்னவனையும் மறைத்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்தை மட்டும் விலக்கிப் பார்க்க எனக்கு வழி தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.

சில வருஷம் கழித்து ஆர்ட்டிஸ்டுக்குக் கடைவாய்ப் பல் வீங்கிவிட்டது. கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, கஞ்சிகூட இறங்காமல் கிடந்தார். பார்க்கப் போன நான் வாய் தவறி, மதுரையில் ஒரு டாக்டர் இருக்கிறார், கை பட்டதே தெரியாது, போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். எந்தச் சந்து என்று கேட்டார். சொன்னேன்.

"அந்தச் சீனாக்காரனா?" என்றார். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அவுக எழுத்தைத் தொட்டதுக்கு எம் பொண்டாட்டி ஸ்டேஷன் வாசல்ல நின்னா ஏட்டையா. பல்லு அழுகி விழுந்தாலும் விழட்டும். அவன் கையில வாயைத் தொறந்து குடுப்பனா நான்?"

பக்கத்தில் கஞ்சிச் சட்டியோடு நின்ற அவர் மனைவியும் தலையை ஆட்டினாள். எனக்குச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அவர் அழுதிருப்பார். அடுத்த பஸ்ஸில் மதுரைக்குப் போய் அந்த மனிதரின் கையைப் பிடித்திருப்பார். சாயங்காலம் டீக்கடைக்குத் தெரிந்திருக்கும். டாக்டர் இன்னும் வாரந்தோறும் ஸ்டேஷனில் போய் நின்றுகொண்டிருந்தார், பீடிக் கடையிலும் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

கிராம்புத் தைலம் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.